காந்தம் ஆறும் வரை

மார்ச் 12, வியாழன்.

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். அக்காவின் காதில் கேட்கும் குரல் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வந்தது என்று குறிக்கும் நோட்டில், இன்றைய எண்ணுக்கான கட்டத்தில் நேற்றைய எண்ணை எழுதிவிட்டேன். விதிப்படி ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரியில், காந்த அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து இதைச் செய்துகொண்டிருந்தபோது அக்கா எட்டிப் பார்த்தாள். அப்போதிலிருந்து பேசியதை எல்லாம், யார் சொன்னது என்று குறித்து, வரிசை மாறாமல் எழுதப் பார்க்கிறேன். வரிசை சரிதானா என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

அக்கா: ...அதுசரி, இப்போ என்னத்தடி அடிக்கிற?

நான்: ஒண்ணுமில்ல. கட்டம் மாறிப்போச்சு.

அக்கா: காட்டு.

நான்: கூடாது. அட்டையிலயே போட்டிருக்கு பாரு. குரல் கேட்கிறவங்க பழைய பக்கத்தைப் பார்க்கக் கூடாதாம். பார்த்தா அதே எண்ணையே திரும்பச் சொல்லத் தோணுமாம்.

அக்கா: கேட்கிறது என் காதுல. எண்ணிச் சொல்றது நான். நான் பார்க்கக் கூடாது, நீ பார்க்கலாம்.

நான்: நான் கூட இருந்து குறிக்கிற ஆள்.

அக்கா: பெரிய பதவிதான்.

மெஷின் அண்ணன்: மேடம், கோவிச்சுக்காதீங்க. இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும். முன்னாடி வந்தவரு தலையை ஆட்டிக்கிட்டே இருந்தாரு, ரெண்டு தடவை ஓட்ட வேண்டியதாப் போச்சு. காந்தம் சூடாயிடுச்சு. ஆறினாத்தான் திரும்ப ஓடும்.

அக்கா: நல்லா ஆறட்டும் அண்ணே. அவசரப்பட்டு என் தலையைச் சுட்டுடாதீங்க.

மெஷின் அண்ணன்: சுடாது மேடம். பதினாலு நாள் சுடாதது இன்னிக்கா சுடப்போகுது? கம்மல், ஹேர்ப்பின் எல்லாம் கழட்டிட்டீங்களா?

நான்: கழட்டிட்டா. தொப்பியும் இருக்கு. புள்ளி அழியாம பிளாஸ்டிக் கவர்ல வச்சிருக்கேன்.

மெஷின் அண்ணன்: உங்க தங்கச்சி மாதிரி ஆளுக்கு ஒருத்தர் இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல மேடம். போன வாரம் ஒருத்தங்க தொப்பியைத் துவைச்சுக் காயப்போட்டுக் கொண்டு வந்தாங்க. காதுக்கு மேல எந்த இடத்துல காந்தத்தை வைக்கணும்னு நான் வச்ச புள்ளி மொத்தமும் போச்சு. மறுபடியும் அளந்தேன். ...சரி, கூப்பிடறேன்.

அக்கா: ...

நான்: எதுக்குச் சிரிக்கிற?

அக்கா: சும்மா.

நான்: அவளா?

அக்கா: ...ம்.

நான்: என்ன சொன்னா?

அக்கா: விடேன்.

நான்: சொல்லு, எழுதணும். 'என்ன சொன்னது'ன்னு ஒரு கட்டமே இருக்கு.

அக்கா: அந்தத் தூண் பக்கத்துல மீசைக்காரர் ஒருத்தர் உட்கார்ந்திருக்காரே... அந்த மீசை அவருக்கு முன்னாடியே வந்து டோக்கன் வாங்கிடுச்சாம்.

நான்: ...

அக்கா: நீயும் சிரிக்கிற!

நான்: நான் சிரிக்கல.

அக்கா: உதடு ஒரு பக்கமா போச்சு. பார்த்தேன்.

நான்: மணி பத்து பன்னிரண்டு. பெண் குரல். எவ்வளவு சத்தம்?

அக்கா: பக்கத்துல உட்கார்ந்து பேசுற மாதிரி.

நான்: பக்கத்துல உட்கார்ந்திருக்கிறது நான்.

அக்கா: தெரியும்டி.

நான்: இன்னிக்கு இது மூணாவது. ...அவளுக்கு மட்டும் எங்கிருந்துதான் வருதோ. நான் நாள் முழுக்க மண்டையை உடைச்சுக்கிட்டாலும் இப்படி ஒண்ணு வராது.

அக்கா: நீ வேற விஷயத்துல கெட்டி.

நான்: எதுல?

அக்கா: கோடு போடுறதுல.

நான்: இது அவ சொன்னதா, நீ சொன்னதா?

அக்கா: ...அவதான்.

நான்: நாலு.

அக்கா: அய்யோ, இதையுமா எழுதுவ?

நான்: பின்ன? முதல் வாரம் நான் டீ போட்டுக் குடுத்தப்போ அவ சொன்னதையும் எழுதியிருக்கேன். 'இந்த டீ பாலைத் தூரத்துல இருந்து பார்த்திருக்கு.' அப்படியே, ஒரு எழுத்து விடாம. என் டீயைப் பத்தி, என் பேனாவால.

அக்கா: நல்லாத்தானே இருந்துச்சு.

நான்: டீயா?

அக்கா: ...சொன்னது.

நான்: அதான். நல்லா இருக்கு. அதுதான் எனக்கு எரியுது. முதல்ல நானும் சிரிச்சேன், இல்லன்னு சொல்லல. அப்புறம் பார்த்தா, நீ எப்போ எதுக்குச் சிரிச்சாலும் அவ. பஸ்ல சிரிக்கிறியா, அவ. பல்லு தேய்ச்சுக்கிட்டே சிரிக்கிறியா, அவ. எனக்குப் பேரு வேற வச்சிருக்கா. ஸ்கேலாம் ஸ்கேலு.

அக்கா: செல்லமா வச்ச பேரு.

நான்: நீ அவளுக்கு வக்காலத்து வாங்காத.

அக்கா: வாங்கல, வாங்கல.

நான்: நான் உன்கூட ஒரே வீட்டுல இருபத்து மூணு வருஷம். அவ வந்து ரெண்டு வருஷம்கூட ஆகல. வாடகை குடுக்கிறாளா, பாத்திரம் கழுவுறாளா...

அக்கா: அவளுக்குக் கை கிடையாதேடி.

நான்: வாய் இருக்குல்ல? ...சிரிக்காதக்கா. நிஜமாத்தான் சொல்றேன். உனக்கு ஒண்ணு தெரியுமா? போன மாசம் உனக்கு ஸ்கேன் எடுத்தாங்கல்ல?

அக்கா: அந்தக் குழாய்தானே, அந்தச் சத்தத்துல அவ விடாம வந்துக்கிட்டே இருந்தா. குரல் கேட்டா பட்டனை அமுக்கு, நின்னதும் விட்டுடுன்னாங்க.

நான்: மறுநாள் என்னையும் அதே குழாய்க்குள்ள படுக்க வச்சாங்க. குரல் கேட்காத கூடப்பிறந்தவங்க மூளையும் வேணுமாம், ஒப்பிட்டுப் பார்க்க. நீ எந்தெந்த நொடியில அமுக்கினியோ, அதே நொடியில எனக்கு ஹெட்போன்ல ஒரு பேச்சு.

அக்கா: இதை நீ சொல்லவேயில்லையே! என்ன பேச்சு?

நான்: ஒரு ஆள் தபால் ஆபீஸ் வேலை நேரம் படிச்சான்.

அக்கா: ஹா...

நான்: 'பார்சல் பிரிவு, காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை.' இருபத்தாறு தடவை. உனக்கு அவ காதுக்குள்ள வந்து கதை சொல்றா. எனக்குப் பார்சல் பிரிவு.

அக்கா: போதும்டி, வயிறு வலிக்குது...

நான்: ஒவ்வொரு தடவை அவன் ஆரம்பிக்கும்போதும், இந்த நேரத்துல அக்காவுக்கு அவ என்ன சொல்லியிருப்பா, எதுக்குச் சிரிக்க வச்சிருப்பான்னுதான் ஓடிச்சு. அவங்க எடுத்த படத்துல என் மூளையில ஏதாவது எரிஞ்சிருந்தா, அது கேட்டதால இல்ல. வயித்தெரிச்சல்.

அக்கா: அது படத்துல தெரியுமா என்ன?

நான்: தெரிஞ்சா மானம் போகும்.

அக்கா: ...

நான்: என்ன, விரலையே பார்த்துக்கிட்டு இருக்க?

அக்கா: இல்ல... நாளைக்கும் அதே குழாய்தானே?

நான்: அதேதான். காந்தத்துக்கு முன்னாடி ஒரு படம், பின்னாடி ஒரு படம். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்ப்பாங்க.

அக்கா: பட்டனும் உண்டா?

நான்: உண்டு.

அக்கா: சரி... ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். குரல் கேட்காமலே ஒருத்தர் பட்டனை அமுக்கினா?

நான்: எதுக்கு அமுக்கணும்?

அக்கா: ஒரு பேச்சுக்குன்னு சொன்னேன்ல. கை தவறி.

நான்: கை தவறி ஒரு தடவை அமுக்கலாம். இருபத்தாறு தடவையா தவறும்?

அக்கா: படம் காட்டிக்குடுத்துடுமா?

நான்: டாக்டரம்மா சொன்னாங்களே, நீ கவனிக்கலையா? குரல் கேட்கும்போது, வெளியில சத்தமே இல்லாட்டாலும், பேச்சைக் கேட்கிற இடம் தானா எரியுது. அந்த இடத்துலதான் காந்தத்தை வச்சு நொடிக்கு ஒரு தட்டு தட்டி அமைதிப்படுத்தப் பார்க்கிறாங்க. சும்மா அமுக்கினா விரலை அசைக்கிற இடம் மட்டும் எரியும். கேட்கிற இடம் இருட்டாவே கிடக்கும். எங்க க்ளாஸ்ல படத்தோட காட்டினாங்க.

அக்கா: உங்க க்ளாஸ்ல எல்லாத்தையும் காட்டுவாங்க.

நான்: லேப் உதவியாளர் படிப்புன்னா அதெல்லாம்தானே. முன்பெஞ்சுக்காரி அன்னிக்கு அந்தக் குழாய்க்குள்ள படுக்கிற மாதிரி ரெண்டு நாற்காலி போட்டு நடிச்சுக் காட்டினா பாரு, வாத்தியாரே...

அக்கா: முப்பத்தி ரெண்டு.

நான்: என்ன முப்பத்தி ரெண்டு?

அக்கா: ஒண்ணுமில்ல. ...அப்போ இருட்டாத்தான் தெரியுமா?

நான்: என்ன?

அக்கா: கேட்கிற இடம்.

நான்: ஏன்க்கா அதையே பிடிச்சுக்கிட்டு இருக்க? நீதான் ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது தடவை கேட்குதுன்னு சொல்ற. உனக்கு நல்லா வெளிச்சமாத்தான் வரும். கவலைப்படாத.

அக்கா: நீதான் கவலைப்படுற மாதிரி இருக்கு.

நான்: எனக்கென்ன.

மெஷின் அண்ணன்: மேடம், தண்ணி வேணுமா? குடிச்சுட்டே வாங்க. இன்னும் பதினஞ்சு நிமிஷம்.

அக்கா: அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். இந்த ஆய்வுல பாதிப் பேருக்குப் பொய்க் காந்தம்னு சொல்றாங்களே... எனக்கு எது?

மெஷின் அண்ணன்: எனக்கே தெரியாது மேடம். உங்க கார்டுல இருக்கிற எண்ணைத் தட்டினா மெஷினே முடிவு பண்ணிக்கும். ரெண்டுலயும் சத்தம் ஒண்ணுதான்.

அக்கா: மரங்கொத்தி மாதிரி.

மெஷின் அண்ணன்: நான் இருபது வருஷமா இருக்கேன். மரங்கொத்தின்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. வீட்டுல போய் சொல்றேன்.

நான்: ...பார்த்தியா? எல்லாரையும் சிரிக்க வச்சுடுற. இது யாரு சொன்னது?

அக்கா: மரங்கொத்தியா? ...நான்தான்.

நான்: சரி, இதை எண்ணல.

அக்கா: பொய்க் காந்தமா இருந்தா, தலையில ஒண்ணுமே நடக்காதுல்ல?

நான்: நடக்காது. ஆனா உன் கன்னமும் கண்ணும் தட்டுக்குத் தட்டு துடிக்குதே. முதல் நாள் நீ எனக்குக் கண்ணடிக்கிறன்னு நினைச்சு நானும் பதிலுக்கு அடிச்சேன்.

அக்கா: பதினஞ்சு நிமிஷம் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி...

நான்: அண்ணன் என்ன நினைச்சாரோ. ...பொய்லயும் லேசா தட்டுமாம், அதனால துடிப்பை வச்சுச் சொல்ல முடியாது. இந்த நோட்டுதான் சொல்லணும். நாற்பது பேரோட நோட்டு. எண் குறைஞ்சவங்க யாரு, குறையாதவங்க யாருன்னு கடைசியில பிரிச்சுப் பார்ப்பாங்க.

அக்கா: நாளைக்கு டாக்டரம்மா நோட்டைப் பார்த்துட்டு என்ன பண்ணுவாங்க?

நான்: அதெல்லாம் நாளைக்கு.

அக்கா: சொல்லுடி.

நான்: ஆரம்பத்துல ஒரு நாளைக்குப் பத்து தடவை. அது பாதியாவது குறைஞ்சிருந்தா இன்னும் பதினஞ்சு நாள் காந்தம்.

அக்கா: குறையலன்னா?

நான்: ...

அக்கா: குறையலன்னா?

நான்: காந்தத்தை நிறுத்திடுவாங்க. மாத்திரையை ஏத்துவாங்க.

அக்கா: எந்த மாத்திரை? அந்த மஞ்சள் மாத்திரையா?

நான்: ம்.

அக்கா: கை நடுங்குமே அதுல.

நான்: தெரியும்க்கா.

அக்கா: உனக்கு என்ன தெரியும்? நாற்பது அடுக்குத் துணி. மேல சாக்பீஸ் கோடு. மெஷின் கத்தியைப் பிடிச்சுக்கிட்டு அந்தக் கோட்டுமேலயே போகணும். ஒரு நூல் விலகினா நாற்பது சட்டைக்கும் ஒரு கை குட்டை. போன வருஷம் அந்த மாத்திரை போட்டுக்கிட்டுப் போய், கத்தி என் கட்டை விரல்கிட்ட... சூப்பர்வைசரம்மா ஓடிவந்து சுவிட்சை அணைச்சாங்க. அப்புறம் என்னை எங்க உட்கார வச்சாங்க?

நான்: பட்டன் பிரிக்கிற இடத்துல.

அக்கா: பட்டன் பிரிக்கிற இடத்துல! பதினோரு வருஷம் கட்டிங் டேபிள்ல நின்னவளை. கலர் கலரா பிரிச்சு டப்பாவுல போடு, பாப்பான்னு. ...இந்த மாசக் கடைசிக்குள்ள கை சரியாயிருந்தா டேபிளுக்கு வான்னு சொல்லியிருக்காங்க. இப்போ பாரு, விரலை நீட்டறேன், ஒரு ஆட்டம் இருக்கா?

நான்: இல்ல.

அக்கா: மறுபடியும் அந்த மாத்திரைன்னா அவ்வளவுதான். ...இதை ஏன்டி முன்னாடியே சொல்லல?

நான்: சொன்னா நீ குறைச்சுச் சொல்லுவ. அப்புறம் நோட்டுக்கு என்ன மரியாதை?

அக்கா: நோட்டுல எட்டு, ஒன்பதுன்னுதானே இருக்கு?

நான்: ...ம்.

அக்கா: எல்லா நாளும்?

நான்: நீ என்ன சொன்னியோ...

அக்கா: அடிச்சு எழுதிடேன்.

நான்: என்ன?

அக்கா: குறைச்சு எழுதிடேன்டி. நாலு, மூணுன்னு. யாருக்குத் தெரியப்போகுது.

நான்: பேனாவுல எழுதியிருக்கேன். அடிச்சா ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல கையெழுத்துப் போடணும்.

அக்கா: போடு. கையெழுத்துக்கு என்ன பஞ்சம்?

நான்: அக்கா, இது ஆய்வு. உன் ஒருத்தி நோட்டு தப்பா இருந்தா அந்த நாற்பதுலயும் தப்பு சேரும். நாளைக்கு யாரோ ஒருத்தருக்கு இந்தக் காந்தம் வேலை செய்யும்னு நம்பி வைப்பாங்க...

அக்கா: பிரசங்கம் பண்ணாத. உன் காது சிவந்துபோச்சு.

நான்: இங்க ஏசி இல்ல. வெக்கை.

அக்கா: ...

நான்: கோவமா?

அக்கா: ஒரு விஷயம் சொல்றேன். கத்தக் கூடாது. மீசைக்காரர் இங்கதான் பார்த்துக்கிட்டிருக்காரு.

நான்: சொல்லு.

அக்கா: குறைச்சு எழுதினா அது பொய் ஆகாது.

நான்: எப்படி?

அக்கா: அவ வந்து பதினோரு நாள் ஆச்சு.

நான்: எங்க வந்து?

அக்கா: எங்கயும் வரல. போன ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தப்போ ஒரு தடவை. அதோட சரி. அப்புறம் ஒண்ணுமே இல்ல. முதல் ரெண்டு நாள் காதுல பஞ்சு அடைச்ச மாதிரி இருந்துச்சு. கதவுக்குப் பின்னாடி நிக்கிறாளான்னு பார்த்தேன். இல்ல.

நான்: இப்போ... இப்போ மீசைன்னு சொன்னாளே!

அக்கா: மெதுவா.

நான்: பத்து பன்னிரண்டுக்கு!

அக்கா: நான்தான் சொன்னேன்.

நான்: நேத்து சொன்ன ஒன்பது?

அக்கா: வாயில வந்த எண். முந்தாநாள் எட்டுன்னு சொன்னதால நேத்து ஒன்பது. ஒரே எண்ணா இருந்தா நீ சந்தேகப்படுவ.

நான்: ஏன்க்கா? எல்லாரும் போகணும் போகணும்னுதானே... போனதை மறைப்பாங்களா யாராவது?

அக்கா: சிரிக்கக் கூடாது.

நான்: எனக்குச் சிரிப்பு வர்ற நிலைமையாவா இருக்கு?

அக்கா: நீ க்ளாஸ் முடிஞ்சு வர்ற. பையை வைக்கிற. கை கழுவுற. தட்டைப் பார்த்துக்கிட்டே சாப்பிடுற. அப்புறம் போன். முன்பெஞ்சுக்காரி மெசேஜ். அதுக்குச் சிரிக்கிற, எதுக்குன்னு சொல்ல மாட்ட. அப்புறம் நோட்டைத் திறக்கிற. மூடியைக் கழட்டுற. அப்போதான் என் முகத்தைப் பார்க்கிற. 'இன்னிக்கு எத்தனை'ன்னு கேட்டுட்டு, நான் சொல்ற வரைக்கும் பார்க்கிற. நாள் முழுக்க அந்தப் பத்து நிமிஷம்தான். பூஜ்யம்னு சொன்னா என்ன பண்ணுவ? பூஜ்யம் போட்டு மூடி வச்சிடுவ.

நான்: ...

அக்கா: முப்பத்தி ரெண்டு என்னன்னு கேட்டியே. போன வெள்ளிக்கிழமையில இருந்து நீ முன்பெஞ்சுக்காரின்னு சொன்னது. நானும் எண்ணினேன். நோட்டு இல்லாம.

நான்: ...அவளுக்கு அடுத்த மாசம் கல்யாணம்க்கா. வகுப்பையே விட்டுட்டுப் போறா.

அக்கா: நல்லா இருக்கட்டும்.

நான்: அப்போ இந்தப் பதினோரு நாள் சொன்ன ஜோக்கெல்லாம் உன்னோடது.

அக்கா: ம்.

நான்: அதுக்கு முன்னாடி சொன்னது? டீ? அது முதல் வாரமே சொன்னா. அப்போ அவ இருந்தாளே.

அக்கா: இருந்தா. ஆனா அவ ஜோக் சொல்ல மாட்டா.

நான்: ஒண்ணுகூடவா?

அக்கா: ஒண்ணுகூட இல்ல. அவளுக்கு எது தெரியும்? ஒரே வரி. டோக்கன் கூப்பிடுற மாதிரி ஒரே குரல், ஒரே வரி. பல்லு தேய்க்கும்போது, பஸ்ல, கட்டிங் டேபிள்ல...

நான்: என்ன வரி?

அக்கா: வேணாம்.

நான்: எழுத மாட்டேன். பேனாவை மூடிட்டேன், பாரு.

அக்கா: 'அவ படிக்கிறதே உன்னை விட்டுட்டுப் போகத்தான்.'

நான்: ...

அக்கா: அவ்வளவுதான். பத்து தடவையும் அதுதான். முதல் நாள் நீ நோட்டைத் திறந்து, அழகா கோடு போட்டு, என்ன சொன்னா என்ன சொன்னான்னு கேட்டப்போ, அந்தக் கட்டத்துல உன் கையெழுத்துல இதைப் போய் எழுத வைக்கணுமான்னு இருந்துச்சு. கையில டீ டம்ளர் இருந்துச்சு. வாயில வந்ததைச் சொன்னேன். நீ சிரிச்ச. அதுக்கு முன்னாடி நீ சிரிச்சுப் பார்த்து ஆறு மாசம் இருக்கும். சரி, இது நல்லா இருக்கேன்னு விட்டுட்டேன்.

நான்: டீ நீ. மீசை நீ. ஸ்கேலு...

அக்கா: ஸ்கேலும் நான்தான். மன்னிச்சுடு.

நான்: ஒரு மாசமா எனக்கு யார்மேல பொறாமைன்னு இப்போதான் தெரியுது.

அக்கா: நான்தான் சொன்னேன்னு சொல்லியிருந்தா நீ இவ்வளவு கவனமா கேட்டிருப்பியா?

நான்: ...தெரியல.

அக்கா: நான் சொன்னா நீ 'ம்'னு சொல்லிட்டு எழுந்து போயிடுவ. அவ சொன்னான்னா மணி பார்த்து எழுதுவ. எனக்கும் அவமேல எரிஞ்சுது. என் ஜோக்குக்கு அவ பேரு வாங்குறாளேன்னு.

நான்: இல்லாத ஒருத்திமேல ரெண்டு பேரும் பொறாமைப்பட்டு...

அக்கா: ஆமா. ...போவியா?

நான்: எங்க?

அக்கா: படிச்சு முடிச்சுட்டு.

நான்: இல்லன்னு சொன்னா நம்புவியா?

அக்கா: மாட்டேன்.

நான்: வேலை எங்க கிடைக்கும்னு தெரியாதுக்கா. வெளியூர்ல கிடைச்சா போக வேண்டியிருக்கும். ஆனா மறைச்சு வச்சுட்டுப் போக மாட்டேன். உன்கிட்டதான் முதல்ல சொல்லுவேன். முன்பெஞ்சுக்காரிக்கு முன்னாடி.

அக்கா: இது பரவாயில்ல. அவ ஒரு தடவைகூட இப்படிச் சொன்னதில்ல.

நான்: எப்படி?

அக்கா: முதல்ல உன்கிட்டதான்னு.

மெஷின் அண்ணன்: வாங்க மேடம், ஆறிடுச்சு. தொப்பியை மாட்டிக்கோங்க. ...என்ன ரெண்டு பேரும் கண்ணைத் துடைக்கிறீங்க? இன்னும் மெஷினையே போடலயே.

அக்கா: தூசி அண்ணே.

மெஷின் அண்ணன்: ரெண்டு பேருக்குமா? சரி சரி. நீங்க அந்த நோட்டைக் குடுங்கம்மா. இந்த மூணு வாரப் பக்கத்தை நகல் எடுத்து ஃபைல்ல வைக்கணும்.

நான்: நாளைக்குக் கொண்டு வரேனே அண்ணே.

மெஷின் அண்ணன்: நாளைக்கு ஃபைல் காலையிலயே டாக்டரம்மா மேசைக்குப் போயிடும். குடுங்க, ஒரு நிமிஷ வேலை.

நான்: இன்னிக்குப் பக்கம் முடியல...

மெஷின் அண்ணன்: முடிஞ்ச வரைக்கும் போதும். இன்னிக்கு எத்தனைன்னு மட்டும் சொல்லுங்க, குறிச்சுக்கறேன்.

அக்கா: பூஜ்யம் அண்ணே.

மெஷின் அண்ணன்: பூஜ்யமா! அட, ரொம்ப சந்தோஷம் மேடம். பத்துல இருந்து நல்லாவே குறைஞ்சிருக்கு பாருங்க. நேத்து நாலு, முந்தாநாள் மூணு, அதுக்கு முன்னாடி நாலு...

அக்கா: என்ன எண் சொன்னீங்க?

மெஷின் அண்ணன்: நேத்து நாலுன்னு போட்டிருக்கு. சுத்தமான கையெழுத்து. ஒரு அடித்தல் திருத்தல் இல்ல, இன்னிக்குக் கட்டத்துல ஒண்ணைத் தவிர. சரி, நகல் எடுத்துட்டு வந்துடறேன், நீங்க உள்ள போய் உட்காருங்க.

அக்கா: ...ஏய்.

நான்: ம்.

அக்கா: நான் நேத்து ஒன்பதுன்னு சொன்னேன்.

நான்: ஆமா.

அக்கா: என் கைக்காகவா?

நான்: அப்படிச் சொல்லிக்கத்தான் ஆசை. நீ பார்க்காம இருக்கும்போது அப்படித்தான் எனக்கே சொல்லிக்கிட்டேன். ஆனா மாத்திரை விஷயம் எனக்குத் தெரிஞ்சதே போன வாரம்தான். நான் குறைக்க ஆரம்பிச்சது காந்தம் வச்ச மூணாம் நாள்லயே. அன்னிக்கு நீ பஸ்ல ஜன்னல் பக்கம் திரும்பி அப்படிச் சிரிச்ச. வீட்டுக்கு வந்து ஒன்பதுன்னு சொன்ன. நான் நாலுன்னு எழுதினேன். காகிதத்துலயாவது அவ தோக்கட்டும்னு. ...நாளைக்குக் காலையில எட்டரை மணிக்கு, ஸ்கேனுக்கு முன்னாடி, டாக்டரம்மாவைப் பார்க்கணும். நீ சொன்ன எண்ணும் பொய், நான் எழுதின எண்ணும் பொய்னு ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லணும். அதுக்கு முன்னாடி, எந்தெந்த நாளுன்னு ஒரு தாளுல தனியா எழுதி வைக்கணும். எழுதினதும் உன்கிட்ட காட்டுவேன்.